பொறி செய்த கைகள்: வானூர்திப் பொறியாக்க வரலாற்றைக் காத்தல்

முன்னுரை

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியை வகுப்பில் பயின்றோர் மயிற்பொறியை மறந்திருக்க மாட்டார்கள். கருவுற்றிருந்த விசயையைக் காக்கும் பொருட்டுச் சச்சந்தன் வானில் செல்லும் மயில் ஒன்றைத் தொழில்வல்லான் ஒருவனைக்கொண்டு செய்விக்கிறான். துணியும் நூலும் பிசினும் அரக்கும் மெழுகும் கொண்டு ஏழு நாளில் அப்பொறி செய்யப்பட்டதாகக் காப்பியம் கூறுகிறது. விசையை வலப்புறம் திருகினால் மயில் மேலெழும். இடப்புறம் திருகினால் கீழிறங்கும்.

இது புலவரின் கற்பனை. பண்டைத் தமிழர் வானூர்தி செய்தனர் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுதல் முறையாகாது. ஆயினும், பறந்ததை மட்டும் பாடிவிட்டுப் போகாமல், எவற்றைக்கொண்டு செய்தான், எத்தனை நாளில் செய்தான், எவ்வாறு இயக்கினாள் என்பவற்றையும் புலவர் பதிந்து வைத்தார் என்பது நம் கருத்தைக் கவர்கிறது. ஒரு கருவியின் வரலாறு அது செய்த செயலோடு முடிவதில்லை. அது செய்யப்பட்ட முறையும் அவ்வரலாற்றின் பகுதியே என்னும் உணர்வு அங்கே தென்படுகிறது.

இந்த உணர்வு நம் காலத்து உண்மையான வானூர்திகளைப் பற்றிப் பேசும்போது குறைந்துவிடுகிறது. முதலில் பறந்தவர் யார், விரைவாகப் பறந்த வானூர்தி எது, போரில் வென்றது எது என்பவற்றை நாம் அறிவோம். அவ்வானூர்திகளை உயரத் தூக்கிய பொறிகளை யார் வார்த்தனர், யார் கடைந்தனர், யார் பொருத்தினர் என்று கேட்டால் விடை எளிதில் கிடைப்பதில்லை. அவ்விடையைத் தேடிக் காப்பது ஏன் இன்றியமையாதது, அதனை எவ்வாறு செய்யலாம் என்பதே இவ்வுரையின் பொருள்.

பொறியாக்க வரலாறு தங்கும் இடங்கள்

வானூர்திப் பொறி ஒன்றின் ஆக்க வரலாறு நான்கு இடங்களில் தங்குகிறது. முதலாவது, பொறி என்னும் பொருள். இரண்டாவது, அதனைச் செய்வதற்கு வரைந்த வரைபடங்களும் ஆவணங்களும். மூன்றாவது, தொழிலாளரின் கைத்திறன். நான்காவது, அத்தொழிலில் வாழ்ந்தவர்களின் நினைவு.

இந்நான்கும் ஒரே கால அளவு நிலைப்பதில்லை. உலோகம் நூறாண்டு இருக்கும். தாள், முறையாகப் பேணினால், அதனினும் நெடிது இருக்கும். கைத்திறன், அதனைக் கற்றுக்கொள்ள அடுத்தவர் இல்லாவிடில், ஒரு தலைமுறையில் மறையும். நினைவு ஒருவரின் வாழ்நாளோடு முடியும். அருங்காட்சியகங்கள் முதலிரண்டையும் ஓரளவு காத்துவருகின்றன. பின்னிரண்டையும் காப்பதற்குக் கட்டடம் போதாது, கேட்பவர் வேண்டும். ஒவ்வொன்றையும் ஓர் உண்மை நிகழ்வின் வழியே காண்போம்.

பொருள் சொல்லும் செய்தி

1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் கிட்டி ஹாக் கடற்கரையில் ரைட் உடன்பிறப்பினரின் வானூர்தி நான்கு முறை பறந்தது. அதன் பொறியைச் செய்தவர் சார்லி டெய்லர். ரைட் உடன்பிறப்பினரின் மிதிவண்டிக் கடையில் பணிபுரிந்தவர் அவர். தங்களுக்கு வேண்டிய எடைகுறைந்த பொறியை வேறெங்கும் பெற இயலாமையால், தங்கள் கடையிலேயே செய்துகொள்ள ரைட் உடன்பிறப்பினர் முடிவு செய்தனர். நான்கு உருளைகளும் ஏறத்தாழ 12 குதிரைத்திறனும் கொண்ட அப்பொறியை டெய்லர் ஆறு வாரங்களில் செய்து முடித்தார்.

நான்காம் முறை பறந்து இறங்கியபின் பலத்த காற்று வானூர்தியைப் புரட்டியது. பொறியின் அலுமினிய உடற்கூடு உடைந்தது. 1906-இல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சி ஒன்றுக்கு அப்பொறியின் சுழல்தண்டும் சமனுருளையும் அனுப்பப்பட்டன. அவை திரும்பி வரவேயில்லை. இன்று வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் காட்சியகத்தில் அவ்வானூர்தியின்மேல் உள்ள பொறியில் அடுத்துச் செய்யப்பட்ட பொறியின் பாகங்களும் கலந்துள்ளன. உலகப் புகழ்பெற்ற பொறிக்கே இந்நிலை என்றால், புகழ்பெறாத பொறிகளின் நிலையை நாம் உணரலாம்.

ஆனால், உடைந்த அந்த உடற்கூட்டை எவரும் தூக்கி எறியவில்லை. அதனால் விளைந்த பயன் பெரிது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், 1994-இல், உலோகவியலார் இருவர் அதன் உலோகத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். அது ஏறத்தாழ 8 விழுக்காடு செம்பு கலந்த அலுமினியம். அதனுள் செம்பு மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நின்று உலோகத்தை வலுப்படுத்தியிருந்தது. இவ்வகை வலுவேற்றத்தை ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் வில்ம் சில ஆண்டுகள் கழித்தே கண்டறிந்தார். டேட்டன் நகர வார்ப்பாலையில் அந்த உடற்கூட்டை வார்த்தவர்களுக்குத் தாம் செய்ததன் அறிவியல் தெரியாது, ஆயினும் செய்திருந்தனர். உலோகம் காக்கப்பட்டதால், செய்தவர்களே அறியாத உண்மையைப் பின்வந்தவர் அறிய முடிந்தது.

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. 1939 ஆகஸ்ட் 27 அன்று பறந்த ஹெயின்கல் ஹெச்.இ. 178 என்பதே உலகின் முதல் ஜெட் வானூர்தி. ஹான்ஸ் ஃபான் ஒஹாயின் வடிவமைத்த பொறி அதனை இயக்கியது. பெர்லின் காட்சியகம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த அவ்வானூர்தி 1943-இல் குண்டுவீச்சில் அழிந்தது. ஒளிப்படமும் மாதிரியுருவும் இன்று நமக்கு உண்டு. உலோகத்தை வெட்டி நுண்ணோக்கியின்கீழ் வைக்கும் வாய்ப்பு மட்டும் இல்லை.

வரைபடம் சொல்லாத செய்தி

வரைபடம் இருந்தால் பொறியை மீண்டும் செய்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் எத்துணை சரி என்பதை ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் பொறியின் வரலாறு காட்டுகிறது.

மெர்லின், 12 உருளைகளும் 27 லிட்டர் கொள்ளளவும் உடைய பொறி. 1933-இல் முதலில் இயக்கப்பட்ட அது, இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், லங்காஸ்டர், மஸ்டாங் முதலிய வானூர்திகளை இயக்கியது. டெர்பி நகரத்துத் தொழிற்சாலை மட்டும் அத்தேவையை நிறைவேற்ற இயலவில்லை. எனவே குரூ நகரிலும், கிளாஸ்கோ அருகேயுள்ள ஹில்லிங்டனிலும், மான்செஸ்டரில் ஃபோர்டு நிறுவனம் நடத்திய தொழிற்சாலையிலும், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பாக்கார்டு நிறுவனத்திலும் மெர்லின் செய்யப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 1,50,000 பொறிகள் உருவாயின. அவற்றுள் 55,000-க்கு மேற்பட்டவை பாக்கார்டு செய்தவை. 30,000-க்கு மேற்பட்டவை ஃபோர்டு செய்தவை.

ஃபோர்டு நிறுவனப் பொறியாளர்கள் மெர்லின் வரைபடங்களைப் பார்த்தபோது நிகழ்ந்ததை, ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர் ஸ்டான்லி ஹூக்கர் தம் தன்வரலாற்றில் கூறுகிறார். இவ்வரைபடங்களைக்கொண்டு எங்களால் பொறி செய்ய இயலாது என்று அவர்கள் சொன்னார்களாம். அளவுகள் மிக நுட்பமாக இருப்பதால் அவர்களுக்கு அது கடினமாக உள்ளது போலும் என்று ஹூக்கர் கருதினார். உண்மை அதற்கு நேர்மாறானது. வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாடு தங்களுக்கு மிக அதிகம் என்பதே அவர்களின் குறை.

இதனைச் சற்று விளக்குவோம். எந்தப் பாகத்தையும் குறித்த அளவில் அணுவும் பிசகாமல் செய்ய இயலாது. எனவே, இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஓர் எல்லை வகுப்பர். எல்லை அகலமாக இருந்தால், ஒரு பாகம் மற்றொன்றோடு நேராகப் பொருந்தாமல் போகலாம். அப்போது பொருத்துநர் அரத்தை எடுத்து, தேய்த்து, ஒத்துப் பார்த்து, மீண்டும் தேய்த்துப் பொருத்துவார். டெர்பியில் அத்தகைய கைதேர்ந்த பொருத்துநர்கள் இருந்தனர். மான்செஸ்டரில் ஃபோர்டு அமர்த்திய தொழிலாளருள் பெரும்பாலோர் தொழிலுக்குப் புதியவர்கள். பெட்டியிலிருந்து எந்தப் பாகத்தை எடுத்தாலும் தேய்க்காமல் பொருந்த வேண்டும். ஆகவே ஃபோர்டு நிறுவனம் வரைபடங்களை மீண்டும் வரைந்தது. பாக்கார்டு நிறுவனமும் பிரித்தானிய வரைமுறையில் இருந்த படங்களை அமெரிக்க வரைமுறைக்கு மாற்றி வரைந்தே தொடங்க வேண்டியிருந்தது. பிரித்தானியத் திருகு மரைகளை வெட்டும் கருவிகளையும் அதுவே செய்துகொண்டது.

இந்நிகழ்வு நமக்கு உணர்த்துவது யாது? டெர்பியின் வரைபடத்தில் பொறி முழுமையாக இல்லை. ஒரு பகுதி தாளிலும், மறுபகுதி பொருத்துநரின் கையிலும் இருந்தது. தாளில் இருந்த பகுதியை மட்டும் ஆவணக் காப்பகத்தில் வைத்துவிட்டு, மெர்லினின் ஆக்க வரலாற்றைக் காத்துவிட்டோம் என்று கூறினால் அது பாதி உண்மையே ஆகும்.

கையில் தங்கும் அறிவு

கைத்திறன் என்றதும் பழங்காலத் தொழில் என்று மாணவர் நினைக்கக்கூடும். இன்றைய ஜெட் பொறியின் மிக நுட்பமான பாகமாகிய சுழலி அலகைப் பார்ப்போம். எரிந்த வளி இவ்வலகின்மேல் மோதும்போது, அவ்வளியின் வெப்பம் அலகு செய்யப்பட்ட உலோகத்தின் உருகுநிலையையும் விஞ்சியிருக்கும். அலகு உருகாமல் இருப்பதற்கு, அதன் உள்ளே நுண்ணிய வழிகள் அமைத்துக் குளிர்ந்த காற்றைச் செலுத்துகின்றனர்.

இவ்வழிகளுடைய அலகை வார்ப்பது எவ்வாறு? உள்வழிகளின் வடிவில் சுடுமண் போன்ற பீங்கான் கருவொன்றைச் செய்வர். அதனைச் சுற்றி அலகின் வடிவில் மெழுகை ஊற்றுவர். மெழுகுருவைப் பீங்கான் குழம்பில் பலமுறை தோய்த்து உலர்த்தி ஓடு ஒன்றை உண்டாக்குவர். பின்னர் மெழுகை உருக்கி வெளியேற்றுவர். அவ்வெற்றிடத்தில் உருகிய நிக்கல் கலப்புலோகத்தை ஊற்றி, அச்சை உலையிலிருந்து மெல்ல மெல்ல இறக்குவர். அச்சின் அடியில் சுருள் வழி ஒன்று உண்டு. குளிரத் தொடங்கும் உலோகத்தில் தோன்றும் பல படிகங்களுள் ஒன்றே அச்சுருளைக் கடந்து மேலே வளரும். எனவே முழு அலகும் ஒரே படிகமாக அமையும். படிகங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளே பெருவெப்பத்தில் முதலில் நெகிழ்வன. எல்லையே இல்லாத அலகு நெடிது உழைக்கும். பிராட் அண்ட் விட்னி நிறுவனம் 1960-களில் வளர்த்த இம்முறை, 1980-களில் பயணியர் வானூர்திப் பொறிகளில் இடம்பெற்றது.

தஞ்சை மாவட்டத்துச் சுவாமிமலையைக் கண்டவர்களுக்கு இம்முறையின் அடிப்படை புதிதன்று. அங்குள்ள ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து திருமேனியின் மெழுகுருவைச் செய்கின்றனர். காவிரியின் வண்டல் மண்ணை அதன்மேல் பூசி உலர்த்துகின்றனர். சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கின்றனர். சோழர் காலத்து ஆடவல்லான் திருமேனியும் இன்றைய சுழலி அலகும் மெழுகிழப்பு வார்ப்பு என்னும் ஒரே முறையின் இரு கிளைகள். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நாம் கூறவில்லை. உலகின் பல பகுதிகளிலும் வழங்கிய பழமையான முறை அது.

இங்கு நாம் கருத வேண்டியது, சுவாமிமலைத் தொழில் எவ்வாறு காக்கப்பட்டது என்பதே. சிற்ப நூல்கள் அளவுகளைக் கூறுகின்றன. ஆனால், மண்ணின் பதம் இது, அச்சு போதிய அளவு சூடேறிவிட்டது, இப்போது ஊற்றலாம் என்பவற்றைத் தந்தையின் அருகிலிருந்து மகனும், ஆசானின் அருகிலிருந்து மாணவனும் கற்றனர். அருங்காட்சியகத்துத் திருமேனிகளை மட்டும் காத்து, தொழில் செய்யும் குடும்பங்களை மறந்திருந்தால், அவை எவ்வாறு பிறந்தன என்பது இன்று நமக்கு ஆய்வுப் புதிராகியிருக்கும்.

தோல்வியும் வரலாறே

நிறுவனங்கள் தங்கள் வெற்றிகளை விழா மலர்களில் பதிகின்றன. தோல்விகளைப் பதிவது அரிது. கற்பவருக்கோ தோல்வியின் வரலாறே மிகுதியும் பயன்படும்.

1960-களின் இறுதியில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஆர்.பி. 211 என்னும் பெரிய பொறியை வடிவமைத்தது. அதன் முன்புற விசிறியின் அலகுகளைக் கரியிழைப் பொருளால் செய்ய முனைந்தது. அவை எடை குறைந்தவை, வலுவானவை. ஆயினும், பறவை மோதினால் தாங்குமா என்னும் ஆய்வில் அவை உடைந்தன. டைட்டேனியம் அலகுகளுக்கு மாற வேண்டியதாயிற்று. காலமும் செலவும் பெருகின. 1971 பிப்ரவரி 4 அன்று நிறுவனம் நொடித்தது. பிரித்தானிய அரசு அதனைத் தன்வயப்படுத்தியது.

அத்தோல்வியோடு தேடல் முடியவில்லை. அகன்ற, உள்ளீடற்ற டைட்டேனியம் அலகு என்னும் தீர்வு படிப்படியாக உருவாகி, 1984-இல் போயிங் 757 வானூர்தியின் பொறியில் பணிக்கு வந்தது. பின்வந்த டிரெண்ட் பொறிகளில் மூன்று டைட்டேனியம் தகடுகளை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக்கி, உள்ளே வளியைச் செலுத்தி ஊதி விரித்து அலகு செய்யும் முறை வந்தது. 1971-ஐ அறியாமல் இந்த அலகை ஒருவர் பார்த்தால், அழகிய உலோகத் தகடாக மட்டுமே அது தோன்றும். ஏன் உள்ளீடற்றது, ஏன் அகன்றது, ஏன் டைட்டேனியம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை அத்தோல்வியில் தொடங்குகிறது.

நினைவு சொல்லும் செய்தி

நான்காவதாகிய நினைவுக்கு வருவோம். ரைட் பொறியை டெய்லர் செய்த முறை நமக்கு எவ்வாறு தெரியும்? முறையான வரைபடம் எதனையும் வைத்துக்கொண்டு அவர் அதனைச் செய்யவில்லை. கிடைத்த தாள் துண்டுகளில் ஒவ்வொரு பாகத்தையும் கிறுக்கலாக வரைந்து, பட்டறை மேசைக்கு மேலே குத்திவைத்துச் செய்தார். அத்தாள்கள் காக்கப்படவில்லை.

நாம் அறிவதற்குக் காரணம், பிற்காலத்தில் அவரிடமே ஒருவர் கேட்டதுதான். 1948-இல், டெய்லருக்கு 80 வயதானபோது, இதழாளர் ஒருவர் அவர் கூறியதைக் கேட்டு எழுதி ஓர் அமெரிக்க வார இதழில் வெளியிட்டார். கடையில் கடைசல் பொறியும் துளையிடு பொறியுமே முதன்மைக் கருவிகளாக இருந்தமை அதில் உள்ளது. கெட்டியான எஃகுக் கட்டியில் சுழல்தண்டின் வடிவை வரைந்து, அவ்வரைகோட்டை ஒட்டி வரிசையாகத் துளையிட்டு, உளியாலும் சுத்தியலாலும் வேண்டாத பகுதியைத் தட்டி எடுத்து, எஞ்சியதைக் கடைசல் பொறியில் கடைந்தமையும் அதில் உள்ளது. டெய்லர் 1956-இல் மறைந்தார். அந்த உரையாடல் நிகழாதிருந்தால், மனிதரை முதன்முதல் வானில் ஏற்றிய பொறியின் ஆக்க முறையில் பெரும்பகுதி அவரோடு மறைந்திருக்கும். வரைபடம் போயிற்று, சுழல்தண்டும் போயிற்று, நினைவு மட்டும் நின்றது.

நினைவு தொழில்நுட்பத்தை மட்டும் சொல்வதில்லை; மனிதரையும் சொல்கிறது. ஹில்லிங்டன் தொழிற்சாலையில் மெர்லின் செய்தவர்களுள் பெண்கள் பெருந்தொகையினர். 1943-இல் அவர்கள் தங்கள் ஊதியம் ஆண்களின் ஊதியத்தினும் குறைவாக இருந்தமையை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்தனர்; ஆண்கள் பலரும் அவர்களோடு இணைந்தனர். பொறியின் வரைபடத்தில் இச்செய்திக்கு இடமில்லை. அதே பொறியில் மற்றொரு பெண்ணின் கைவண்ணமும் உண்டு. ஸ்பிட்ஃபயர் திடீரெனத் தலைகுப்புறப் பாயும்போது கார்புரேட்டரில் எரிபொருள் ஒழுங்கு கெட்டுப் பொறி தடுமாறியது. போரில் அது உயிருக்கே கேடாயிற்று. ஃபார்ன்பரோ ஆய்வகத்துப் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங், நடுவே துளையுடைய சிறிய உலோகத் துண்டொன்றை எரிபொருள் வழியில் பொருத்தி அக்கேட்டைக் குறைத்தார். 1941-இல் அவரும் அவர் குழுவினரும் வானூர்தித் தளங்களுக்கு நேரில் சென்று அதனைப் பொருத்தினர். உள்ளங்கையில் அடங்கும் அத்துண்டைக் கண்ணாடிப் பேழையில் கண்டால், அதன் கதையை அறிந்தவர் உடனிருந்து சொன்னாலன்றி, ஒருவரும் நின்று பார்க்க மாட்டார்.

காப்போர் யாவர்

இப்பணியைச் செய்வோர் சிலரை அறிவது பயன்தரும். பிரித்தானியாவில் 1981-இல் ரோல்ஸ் ராய்ஸ் மரபுரிமை அறக்கட்டளை தொடங்கப்பட்டது. டெர்பி, பிரிஸ்டல், கவென்ட்ரி முதலிய இடங்களில் அதன் கிளைகள் உள்ளன. ஓய்வுபெற்ற தொழிலாளரும் பொறியாளரும் தன்னார்வலராக வந்து பழம்பொறிகளைச் சீர்செய்கின்றனர். தங்கள் துறையின் வரலாற்றை நூல்களாக எழுதுகின்றனர். பொறியைச் செய்த கையே அதன் வரலாற்றை எழுதுவது இவ்வமைப்பின் சிறப்பு. டெர்பி நகரின் பழைய பட்டு ஆலையில் 2021-இல் ஆக்கத்தின் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நுழைவாயிலில் டிரெண்ட் 1000 பொறி ஒன்று தலைக்கு மேலே தொங்குகிறது. தங்கள் ஊர் எதனைச் செய்து வாழ்ந்தது என்பதை அவ்வூர்ப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து அறிகின்றனர்.

நம் நிலத்தில்

இவையெல்லாம் தொலைவிலுள்ள நாடுகளின் செய்திகள் என்று நாம் ஒதுங்க இயலாது. 1927 அக்டோபரில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட நான்கு சவுத்தாம்ப்டன் வகைப் பறக்கும் படகுகள் 1928 பிப்ரவரி இறுதியில் சிங்கப்பூரின் சிலேத்தாரை வந்தடைந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு நேப்பியர் லயன் பொறிகள் இருந்தன. அன்றிலிருந்து 1971-இல் பிரித்தானியப் படை வெளியேறும்வரை சிலேத்தார் தளத்தில் பொறிகள் கழற்றப்பட்டன, துலக்கப்பட்டன, மீண்டும் பூட்டப்பட்டன. சீனர், மலாய்க்காரர், தமிழர், மலையாளிகள் எனப் பல இனத்தவரும் பிரித்தானியத் தளங்களில் பணிபுரிந்தனர்.

அதே சிலேத்தாரில் 2012-இல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் வளாகம் திறக்கப்பட்டது. பெரும் பயணியர் வானூர்திகளுக்கான டிரெண்ட் பொறிகள் அங்கே பூட்டப்பட்டன. மேலே நாம் கண்ட உள்ளீடற்ற டைட்டேனியம் விசிறி அலகு, பிரித்தானியாவுக்கு வெளியே முதன்முதலாக அவ்வளாகத்திலேயே செய்யப்பட்டது. மலேசியாவில், சிலாங்கூரின் செரெண்டா நகரிலுள்ள யு.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் தொழிற்சாலை, அவ்விசிறியைச் சூழ்ந்திருக்கும் பெரிய வளையக் கூட்டைச் செய்கிறது. 2015-இல் அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1971-இன் தோல்வியில் தொடங்கிய ஒரு வரலாற்றின் அண்மைப் பக்கங்கள் நம் ஊர்களில் எழுதப்படுகின்றன.

1971-இல் சிலேத்தார் தளத்தில் 20 வயதில் பணிபுரிந்த ஒருவர் இன்று 70 வயதைக் கடந்திருப்பார். டெய்லரிடம் கேட்டபோது அவருக்கு 80 வயது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நமக்குள்ள காலம் எவ்வளவு என்பது விளங்கும். சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979-இலிருந்து பல மொழிகளில், தமிழிலும், நேர்காணல்களைப் பதிந்துவருகிறது. அவ்வழி நமக்கு முன்னே திறந்திருக்கிறது.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் இதனை ஒரு மொழிப் பயிற்சியாகவே அமைக்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ, பொறிகளோடு பணிபுரிந்த ஒருவரைக் கண்டு பேசட்டும். அவர் வானூர்தித் துறையினராக இருக்க வேண்டியதில்லை. தோட்டத்து ரப்பர் ஆலையில் பொறி இயக்கியவரும், துறைமுகப் பட்டறையில் பணிபுரிந்தவரும் நமக்கு ஒப்பவே மதிப்புடையவர். அவரின் இசைவைப் பெற்று உரையாடலை ஒலிப்பதிவு செய்யட்டும்.

வினாக்களைப் பொதுவாகக் கேட்டால் பொதுவான விடைகளே வரும். வேலை எப்படி இருந்தது ஐயா என்று கேட்டால், நன்றாக இருந்தது என்று கூறி முடித்துவிடுவார். காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் எதனைக் கையில் எடுப்பீர்கள்? அக்கருவியை நீங்கள் எந்தப் பெயரால் அழைத்தீர்கள்? பொறி சரியாக ஓடவில்லை என்பதை ஒலியைக்கொண்டா, அதிர்வைக்கொண்டா, மணத்தைக்கொண்டா அறிந்தீர்கள்? புத்தகத்தில் இல்லாத எதனை உங்களுக்கு மூத்தவர் கற்றுக்கொடுத்தார்? நீங்கள் செய்த பிழை எது? இவ்வாறு கேட்டால், பெரியவரின் கைகள் தாமே அசைந்து விளக்கத் தொடங்கும். அவ்வசைவையும் படமாகப் பதிதல் நன்று.

இங்கு மொழியார்வலராகிய நமக்குத் தனிப்பொறுப்பு ஒன்றுண்டு. பட்டறைகளில் வழங்கிய தமிழ் கலவைத் தமிழ். ஆங்கிலமும் மலாயும் அதில் விரவியிருந்தன. ஸ்பேனர் என்றும் போல்ட் என்றும் அவர் சொன்னால், மாணவர் அவ்வாறே எழுத வேண்டும். நல்ல தமிழ்ச் சொல்லைத் தனியே அருகில் தரலாம். அவர் சொன்னதை மாற்றுதல் கூடாது. கலைச்சொல் ஆக்குவது ஒரு பணி. வழங்கிய சொல்லைக் காப்பது வேறொரு பணி. இரண்டையும் குழப்பினால் இரண்டும் கெடும். அதேவேளையில், உருளை, சுழலி, வார்ப்பு, கடைசல், அரம் போன்ற சொற்கள் இந்நேர்காணல்களை எழுதும்போது மாணவரின் கையில் உயிர்பெறும். அகராதியில் படிப்பதைக் காட்டிலும் அது உறுதியான கல்வி.

பதிவு முடிந்ததும் அதனைக் கைப்பேசியிலேயே விட்டுவிடுதல் ஆகாது. பேசியவர் அவர், பேசிய நாள், இடம், அவர் பணிபுரிந்த ஆண்டுகள் ஆகியவற்றைக் குறித்து, எழுத்து வடிவையும் உடன் சேர்த்து, அவர் இசைந்தால் பள்ளி நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ ஒப்படைக்க வேண்டும். பேசியவருக்கும் ஒரு படி தருதல் நன்றியறிதலாகும்.

முடிவுரை

பொறிகள் பழையனவாகிப் புதியன வருவது தொழிலின் இயல்பு. பழைய பொறிகள் அனைத்தையும் காக்க எந்த நாட்டாலும் இயலாது. காக்கத்தக்கவற்றுள் மிக விரைவாக மறைவது எது என்று அறிந்து, அதனை முதலில் காப்பதே அறிவுடைமை. உலோகத்தையும் தாளையும் நாளையும் தேடலாம். டெய்லரின் கிறுக்கல்கள் மறைந்தும் அவர் சொல் நின்றது, ஒருவர் உரிய காலத்தில் அவரெதிரே அமர்ந்து கேட்டதனால். நம் ஊரிலும் அவ்வாறு கேட்கப்படாத பெரியவர்கள் உள்ளனர். வரும் பள்ளி விடுமுறையில் அவர்களுள் ஒருவரையேனும் கண்டு, முதல் வினாவைக் கேட்குமாறு மாணவர்களை அன்போடு வேண்டுகிறோம்.